தீர்த்தவாரி, திருமஞ்சனம்: அழைப்பிதழில் எதைப் போடுவது?

கெடிலக்கரை:
வணக்கம். மாசி மகத்துக்கு எங்கள் ஊர் முருகர் தேவனாம்பட்டினம் கடலுக்குப் புறப்படுகிறார். அழைப்பிதழில் "தீர்த்தவாரி" என்று போடுவதா, "திருமஞ்சனம்" என்று போடுவதா? கோயிலில் கொடிமரம் கிடையாது. கொடியேற்றாமல் தீர்த்தவாரி என்ற சொல் பொருந்துமா?

உப்பங்கழி:
தாராளமாகப் பொருந்தும். அந்தச் சொல்லுக்கு இரண்டு வழக்கு உண்டு. பிரம்மோற்சவத்தில் அது நிறைவு நீராட்டு. அவபிருதம் என்பதும் இதையே. அது முடிந்துதான் கொடியிறக்கம். தீர்த்தவாரி நட்சத்திரத்தை முதலில் வைத்துக்கொண்டு, பின்னோக்கி எண்ணித்தான் கொடியேற்றத்துக்கு நாள் குறிப்பார்கள். மாசி மகக் கடலாட்டு தனி. மயிலம் முருகர் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கு எழுந்தருள்வது இந்த வகை. இதற்குக் கொடி வேண்டாம். தை 5 பெண்ணையாற்றுத் திருவிழாவும் அப்படித்தான், ஆனால் அது நட்சத்திரம் பார்க்காமல் தேதியிலேயே வந்துவிடும்.

திருமஞ்சனம் என்றால் அபிஷேகம். அதில் தண்ணீர் சாமியிடம் வருகிறது. தீர்த்தவாரியில் சாமி தண்ணீருக்குப் போகிறார். திருமஞ்சனம் பெருமாள் கோயில் சொல் மட்டும்தான் என்று சிலர் சொல்வதும் சரியில்லை, சிதம்பரத்தில் நடராசருக்கே ஆனித் திருமஞ்சனம்தான்.

சூலக்குறி:
சொல்லோடு சேர்த்து இதையும் கவனியுங்கள். கடலில் இறங்குவது உற்சவர் அல்ல, அஸ்திர தேவர், அதாவது சாமியின் ஆயுதம். சிவனுக்குச் சூலம், பெருமாளுக்குச் சக்கரத்தாழ்வார், உங்களுக்கு வேல். உற்சவர் பந்தலிலேயே இருப்பார். வேலுக்கு மஞ்சள், பால், தயிர், இளநீர், சந்தனம் என்று அபிஷேகம் முடித்து, குருக்கள் அலையில் மூன்று முறை முழுக்குவார். ஊர் முழுக வேண்டியது அதற்குப் பிறகுதான். முந்திக்கொண்டு கூட்டம் இறங்கினால் அவருக்கு நிற்கவே இடமிருக்காது. அலை இழுத்துக் கை நழுவினால் வேலை மணலில் தேடுவது பெரும்பாடு. அடித்தண்டில் துணியை இறுக முடிந்து, மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

இரண்டு குடம் நல்ல தண்ணீர் கட்டாயம் கொண்டுபோங்கள். பஞ்சலோகத்தில் செம்புதான் அதிகம். உப்புநீர் காய்ந்தால் பச்சை பூத்துவிடும். கரையிலேயே அலசி, வேலைப்பாட்டுப் பள்ளங்களில் ஈரம் நிற்காமல் துடைத்துவிட்டுத்தான் சந்தனமும் மாலையும்.

கெடிலக்கரை:
மிக்க நன்றி. நேரத்தை எப்படிப் போடுவது?

உப்பங்கழி:
மகம் சில ஆண்டுகளில் இரண்டு நாளைத் தொடும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் வேறுபடும். உங்கள் கோயிலில் எந்தப் பஞ்சாங்கமோ அதையே குருக்களிடம் கேட்டு எழுதுங்கள். "தீர்த்தவாரி உற்சவ விழா" என்று போட்டுவிடாதீர்கள், உற்சவமும் விழாவும் ஒன்றுதானே. தலைப்பில் "மாசி மகத் தீர்த்தவாரி", நிகழ்ச்சி நிரலில் "சுவாமி தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தம் கொடுத்தருளல்" என்று வரட்டும்.