குரோம்பேட்டை பால்கனியில் வீனஸ் ஃப்ளைட்ராப்: பொறிகள் கறுத்துக்கொண்டே வருகின்றன

மாடித்தோட்டம்_குரோம்பேட்டை (ஏப்ரல் 14)

வணக்கம். மகளின் பிறந்தநாளுக்காகப் பத்து நாளைக்கு முன் ஒரு வீனஸ் ஃப்ளைட்ராப் வாங்கினேன். நாலாம் வகுப்பு படிக்கிறாள். பூச்சி தின்னும் செடி என்று எங்கோ படம் பார்த்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சு. தபாலில் வந்தது, டம்ளர் அளவு பிளாஸ்டிக் தொட்டி, 650 ரூபாய். வந்த அன்று, பூச்சியைப் பிடிக்கும் இலைப் பொறிகள் ஒன்பது இருந்தன. ஐந்து கறுத்துவிட்டன. மீதியில் இரண்டுக்கு ஓரம் பழுப்பாகிறது.

செய்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தொட்டி சின்னதாக இருக்கிறதே என்று செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து பெரிய மண் தொட்டிக்கு மாற்றினேன். எங்கள் ரோஜாவும் செம்பருத்தியும் அந்தக் கலவையில்தான் நிற்கின்றன, நன்றாகப் பூக்கின்றன. காலையும் மாலையும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். மேற்குப் பார்த்த பால்கனி, மதியம் ஒரு மணியிலிருந்து வெயில் அடிக்கும். பூச்சி எதுவும் சிக்கவில்லையே என்று மகள் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைக் கிள்ளி இரண்டு பொறிகளில் வைத்தாள். அவை மூடிக்கொண்டன. மூன்றாம் நாள் கெட்ட வாடை வந்தது, அந்த இரண்டும்தான் முதலில் கறுத்தன.

பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்கு ஓடுகிறாள். நட்ட நடுவில் ஒரு குட்டி இலை மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது. காப்பாற்ற முடியுமா? சென்னையில் இது வளருமா, வளராதா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

அழுகண்ணி (ஏப்ரல் 14)

நடுவில் பச்சை இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது, மேடம். ஆனால் இந்த வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே மாற்றுங்கள்.

திருவான்மியூரில் ஏழு வருடமாக வளர்க்கிறேன். இப்போது பதினொரு தொட்டிகள். முதலில் வாங்கிய மூன்றும் செத்தன, மூன்றும் தண்ணீரால் செத்தன. நம் ஊரில் எல்லாரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள். இந்தச் செடிக்கு அதைவிடப் பெரிய எதிரி போர் தண்ணீர்.

காரணம் அதன் பிறந்த இடம். அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா கடலோரச் சமவெளியில், வில்மிங்டன் ஊரைச் சுற்றி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வட்டாரத்துக்குள்தான் இது பெரும்பாலும் இயற்கையாக முளைக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இயல்பாகக் கிடையாது. அங்கே மணலும் மக்கிய பாசியும் கலந்த, புளிப்பான, எப்போதும் ஈரமான நிலம். சத்து என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுக்கப் பழகிய செடி அது. அதன் வேருக்கு உப்பைத் தாங்கத் தெரியாது. மண்புழு உரம் போட்டால் வேர் வெந்துபோகும். போர் தண்ணீரும் அப்படித்தான், கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

இப்போது செய்ய வேண்டியது. செடியைப் பெயர்த்து, சுத்தமான தண்ணீரில் ஒரு துளி மண்கூட ஒட்டாமல் அலசுங்கள். வேர்கள் கறுப்பாக இருக்கும், பதறாதீர்கள். இதற்கு வேரே கறுப்புத்தான், நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும். இலைகள் சேரும் அடிப்பகுதி பூண்டுப் பல் மாதிரி வெள்ளையாக இருக்கும், அதை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று பழுப்பாக இருக்கும் பகுதியைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். முழுதாகக் கறுத்த பொறிகளையும் காம்போடு வெட்டிவிடலாம். பாதி பச்சையாக இருப்பதை விட்டுவிடுங்கள், அந்தப் பச்சை செடிக்குச் சோறு போடுகிறது.

பீட் மாஸ் என்கிற மக்கிய பாசி பாதி, பெர்லைட் என்கிற பொரித்த வெள்ளைக் கல் பாதி, நான் போடுவது இதுதான். உரம் கலந்த பீட் மாஸும் விற்கிறார்கள், பையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆர்க்கிட்டுக்கு விற்கிற ஸ்பேக்னம் மாஸில், அதாவது உலர்ந்த பாசியில், மட்டுமே வைக்கலாம், என் இரண்டு தொட்டிகள் அப்படித்தான் இருக்கின்றன. தேங்காய் நார்த்தூள் மலிவு, ஆனால் அதில் உப்பு இருக்கும். நான் ஒரு தடவை ஆறு முறை அலசியும் உப்பு அளக்கும் மீட்டரில் 200க்குக் கீழே இறங்கவில்லை, விட்டுவிட்டேன். மண் தொட்டி வேண்டாம், உப்பை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐந்து அங்குல ஆழமுள்ள வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி போதும்.

தண்ணீருக்கு முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள், கரைந்திருக்கும் உப்பை அளப்பது அதுதான். பேனா அளவில் இருக்கும், சில நூறு ரூபாய்தான். 50க்குக் கீழே காட்டும் தண்ணீர் எதுவானாலும் சரி. மழைநீர் எல்லாவற்றையும்விட நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட்டு, அப்புறம் வருவதைப் பிடித்து, கொசு புகாமல் மூடி வைக்கிறேன். மற்ற மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், எங்கள் வீட்டில் 14 காட்டுகிறது. ஏசி சர்வீஸ் செய்த அன்று மட்டும் பிடிக்காதீர்கள், கழுவிய மருந்து வரும். ஆர்ஓ என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிடாதீர்கள். குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று பல இயந்திரங்களில் தாது உப்பைத் திரும்பக் கலக்கிறார்கள், எங்கள் ஆர்ஓ 92 காட்டியது. பிடித்த தண்ணீரைத் தட்டில் ஒரு விரற்கடை நிற்கும்படி ஊற்றி, அதன் மேல் தொட்டியை வையுங்கள். செடியே உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்து வெயில். கரோலினாவிலும் கோடையில் புழுங்கும், அதனால் சூடு இதற்குப் புதிதல்ல. இலைக்கு வெயில் வேண்டும், வேர்தான் கொதிக்கக்கூடாது. உங்கள் மேற்குப் பால்கனியில் மே மாதம் மூன்று மணிக்குத் தட்டுத் தண்ணீரில் விரலை விட்டுப் பாருங்கள், குளிக்கிற வெந்நீர் மாதிரி இருக்கும். கிழக்கு ஜன்னலோ மொட்டை மாடியோ இருந்தால் காலையிலிருந்து பதினொரு மணி வரை நேர் வெயில், அப்புறம் பச்சை நிழல்வலை. நான் பிளாஸ்டிக் தொட்டியைப் பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈரப் பாசியை அடைத்து வைக்கிறேன். மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே முறைதான். அதே சுத்தமான தண்ணீரால்தான் அந்தப் பாசியையும் நனைப்பேன். மாற்றி நட்டபின் முதல் இரண்டு வாரம் மட்டும் வெளிச்சமான நிழலில் வையுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

முட்டையைப் பற்றி மகளிடம் கோபிக்காதீர்கள். அவள் செய்ததில் பொறி எப்படி வேலை செய்கிறது என்ற பாடமே இருக்கிறது. ஒவ்வொரு மடலின் உள்ளேயும் பெரும்பாலும் மூன்று மெல்லிய முடிகள் நிற்கும், லென்ஸ் வைத்துக் காட்டுங்கள். ஏறத்தாழ இருபது விநாடிக்குள் இரண்டு தொடுதல் கிடைத்தால்தான் பொறி மூடும். அதனால்தான் ஒரு மழைத்துளிக்கு ஏமாறுவதில்லை. மூடியபிறகும் உள்ளே பூச்சி துடித்து முடிகளைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் ஓரங்கள் இறுகி, செரிக்கும் நீர் ஊறும். முட்டை துடிக்காது. பொறி சரியாக இறுகவில்லை, உள்ளே இருந்தது அழுகிவிட்டது.

செடி தேறும்வரை தீனியே வேண்டாம். தேறியபின் பொறியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத ஈயோ எறும்போ மாதம் ஒன்றிரண்டு போதும். மீன் கடையில் உலர்ந்த ரத்தப்புழு விற்கிறார்கள். அதை நனைத்து வைத்து, மூடியபின் பல்குச்சியால் பொறியின் வெளிப்பக்கத்தை ஒரு நிமிடம் மெல்லத் தடவிக்கொடுக்கச் சொல்லுங்கள். பூச்சி துடிக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். வெறுமனே விரலை விட்டு மூட வைப்பது மட்டும் கூடாது. ஒரு பொறி மூன்று நான்கு தடவை சாப்பிட்டதும் தானே கறுத்து உதிரும், அது இயல்பு.

ஈசூன்_தோட்டக்காரன் (ஏப்ரல் 15)

அழுகண்ணி சார் சொன்னது அத்தனையும் சரி. அவர் தொடாத ஒன்று குளிர் உறக்கம். நான் சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பத்தாவது மாடி. இங்கே வருடம் முழுக்க ஒரே பருவம். என் முதல் செடிக்குத் தண்ணீர், வெயில் எதிலும் குறையில்லை. ஆனாலும் ஒவ்வொரு புது இலையும் முந்தையதைவிடச் சிறிதாக வந்தது. இருபதாவது மாதம் போய்விட்டது. அதன் சொந்த ஊரில் குளிர்கால இரவுகள் உறைநிலை வரை இறங்கும், மூன்று நான்கு மாதம் அது தூங்கும். அந்தத் தூக்கம் இல்லாமல் இரண்டாவது வருடத்தைத் தாண்டுவது கடினம்.

இப்போது டிசம்பர் தொடக்கத்தில் செடிகளை ஃப்ரிட்ஜுக்கு மாற்றுகிறேன். வாடிய இலைகளை வெட்டி, பூஞ்சைக்கொல்லி தெளித்து, வேரைப் பிழிந்த ஈரப் பாசியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டுக் கீழ்த்தட்டில் வைப்பேன். ஃப்ரீசரில் அல்ல. ஐந்து டிகிரி அளவில் பத்துப் பன்னிரண்டு வாரம். வாரம் ஒரு தடவை திறந்து பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடுக்கும்போது பார்க்கவே பரிதாபமாக இருக்கும். வெளியே வைத்து மூன்று வாரத்தில் நடுவிலிருந்து இலை சுருள் சுருளாகக் கிளம்பும், முன்பைவிடப் பெரிதாக.

கோத்தகிரி_மழை (ஏப்ரல் 15)

இங்கே ஃப்ரிட்ஜ் தேவையில்லை, மார்கழிக் குளிரே போதும். வருடம் முழுக்க வாசலில்தான் இருக்கின்றன. மலையில் உறவினர் யாராவது இருந்தால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தொட்டியை அவர்களிடம் அனுப்பிவைக்கலாம்.

அழுகண்ணி (ஏப்ரல் 16)

ஈசூன் தம்பி சொன்னது உண்மை, நானும் ஃப்ரிட்ஜ்தான். ஆனால் மேடம், டிசம்பருக்குள் ஆறேழு நல்ல இலையாவது வந்திருந்தால் மட்டும் செய்யுங்கள். நோஞ்சான் செடி உள்ளேயே அழுகிவிடும். அப்படியானால் இந்த வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம்.

இன்னொன்று. என் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அழுகண்ணி நம் ஊர்ச் செடி, ஈர மணலில் தரையோடு தரையாகச் சிவப்பாக ஒட்டிக் கிடக்கும். இலை முழுக்கப் பசைத் துளி, கண்ணீர் மாதிரி மினுங்கும், அதில் கொசு ஒட்டிக்கொள்ளும். அதற்குக் குளிர் உறக்கம் வேண்டாம். வளர்ப்பவர்களிடம் விதை கிடைக்கும், காட்டிலிருந்து பிடுங்க வேண்டாம். உங்கள் மகளுக்கு இதையும் ஒரு தொட்டி போட்டுக் கொடுங்கள். இணையத்தில் நீலம், ஊதா நிறப் பொறிப் படம் போட்டு விற்கும் வீனஸ் விதைகளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அந்த நிறத்தில் இந்தச் செடி கிடையாது.

மாடித்தோட்டம்_குரோம்பேட்டை (ஜூன் 9)

எட்டு வாரம் ஆகிவிட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று இரவே அலசி ஸ்பேக்னம் மாஸுக்கு மாற்றினேன். அடிப்பகுதியில் ஒரு பக்கம் அழுகியிருந்தது, வெட்டிவிட்டேன். எங்கள் போர் தண்ணீர் மீட்டரில் 1140. ஏசி தண்ணீர் 19. பழைய பொறிகள் எல்லாம் போய்விட்டன, நடுவில் இருந்த அந்தக் குட்டி இலை மட்டும் நின்றது. இருபத்திரண்டாம் நாள் இன்னொன்று வந்தது. இமை மூடிய கண் மாதிரி இருந்தது, ஓரத்துப் பற்கள் உள்பக்கம் மடங்கி. நான்கு நாள் கழித்து ஒரு காலையில் திறந்திருந்தது. இப்போது ஐந்து பொறிகள், இரண்டில் உள்ளே இளஞ்சிவப்பு ஏறியிருக்கிறது. மகள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறாள்.

ஒரு சந்தேகம். மூன்று நாளாக நடுவிலிருந்து ஒரு தண்டு நேராக எழும்புகிறது. மற்ற இலை போல் தட்டையாக இல்லை, நுனி உருண்டையாக இருக்கிறது. பூவா? மகள் பூக்கட்டும் என்கிறாள்.

அழுகண்ணி (ஜூன் 9)

பூந்தண்டுதான். இரண்டு அங்குலம் வந்ததும் வெட்டிவிடுங்கள், மேடம். ஐந்து பொறி வைத்திருக்கிற செடிக்குப் பூவும் விதையும் பெரிய செலவு, பூத்தபின் வாடிப் போன செடிகளைப் பார்த்திருக்கிறேன். மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: வெட்டிய தண்டை எறிய வேண்டாம். அடிப்பக்கம் ஒரு அங்குலம் ஈரப் பாசியில் புதையும்படி செருகி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கட்டும். தண்டு கறுத்துப்போனாலும் உடனே பிடுங்க வேண்டாம். ஒன்றிரண்டு மாதத்தில் அதன் அடியிலிருந்து அரிசி அளவில் ஒரு பொறி எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. எனக்கு ஐந்து தண்டில் இரண்டு வந்தன. நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.