குசினித் தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கு, டைல்ஸ் பதிக்கலாமா?

கேள்வி (பொகவந்தலாவை):
எங்களது பழைய லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு). குசினி 10 அடிக்கு 12 அடி. முன்சுவரை விட பின்சுவர்ப் பக்கம் தரை ஒன்றரை அங்குலம் பள்ளம். பழைய விறகடுப்பு இருந்த மூலையில் தட்டினால் காலி டின் மாதிரி சத்தம் வருது. அந்தப் பள்ளத்தில் தேங்குற தண்ணியில அம்மா ரெண்டு தரம் வழுக்கிட்டாங்க. வந்து பார்த்த மேசன் பாஸ், டைல் பசையைத் தடிப்பா போட்டு மட்டம் எடுத்துடலாம்னு சொல்றார். சரி வருமா?

பதில் (தலவாக்கலை, மேசன் வேலை):
வேணாம் தம்பி. சாதாரண டைல் பசை 3 முதல் 6 மி.மீ. கனத்துக்குத்தான். உங்க பள்ளம் 38 மி.மீ. அவ்வளவு போட்டா காயும்போது சுருங்கி டைல் தூக்கிடும்.

முதல்ல தண்ணி டியூப் (மட்டம் பார்க்கத் தண்ணி நிரப்பின தெளிவான குழாய்) பிடிச்சு நாலு சுவரிலயும் ஒரே உயரத்துக்குக் கோடு போடுங்க. கோட்டிலிருந்து தரை வரைக்கும் ரெண்டடிக்கு ஒருக்கா அளந்து, சோக்கால தரையிலேயே எழுதுங்க. சத்தம் வர்ற இடத்தை உளி போட்டு கெட்டித் தரை வரைக்கும் எடுங்க. அடுப்புக்கரியும் எண்ணெயும் இருந்தா புதுச் சீமெந்து பிடிக்காது, நல்லா தேய்ச்சுக் கழுவணும்.

பிறகு தரையை நனைச்சு, சீமெந்துப் பால் (தண்ணியில கரைச்ச சீமெந்து) பூசி, அது காயுறதுக்குள்ள கலவையைப் போடணும். சீமெந்து 1, ஆத்து மணல் 4. கையில பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், விரல் இடுக்கில தண்ணி வழியக் கூடாது. எந்த இடத்திலும் ஒரு அங்குலத்துக்குக் குறைய வேணாம். முன்பக்கம் அவ்வளவு இடம் கிடைக்காது, அங்க பழைய தரையைக் கொத்தி இறக்குங்க. இல்லாட்டி கதவு திறக்காது. ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடுங்க. நம்ம குளிருக்குச் சீமெந்து மெதுவாத்தான் இறுகும், மூணு வாரம் போகாம டைல்ஸ் வேணாம்.

பதில் (பண்டாரவளை):
தம்பி, அது எப்ப இறங்கினது? தரையில வெடிப்பு இருக்கா? கதவு உரசுதா?

கேள்வி கேட்டவர்:
பின்சுவர் ஓரமா மெல்லிய வெடிப்பு ஒன்னு இருக்கு அக்கா. போன மழைக்குப் பிறகுதான் பார்த்தோம். கதவும் கொஞ்சம் உரசுது.

பதில் (பண்டாரவளை):
அப்போ சீமெந்து வாங்காதீங்க. வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சீமெந்தால ஒட்டி, திகதி எழுதி வைங்க. உடைஞ்சா தரை இன்னும் நகருது. முற்றத்துலயும் வெடிப்பு, சாயுற மரம், திடீர்னு கலங்குற ஊற்று இருந்தா அது மண்சரிவுக்கு அறிகுறி, தாமதிக்காம வெளியேறி, கிராம சேவகர் மூலமா தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லுங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் எடுக்கலாம். 2014 ஒக்டோபர் 29 காலையில மீரியபெத்தையில லயங்களை மண் மூடினதை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க முடியாது. பயமுறுத்த இல்ல தம்பி, அம்மா இருக்கிற வீடு.

பதில் (தலவாக்கலை):
அக்கா சொல்றது சரி, நான்தான் முதல்ல கேட்டிருக்கணும். பின்னால உள்ள கானையும் (மழைத்தண்ணி போற வாய்க்கால்) பாருங்க.

கேள்வி கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து):
கான் மண் அடைச்சு, மழைத்தண்ணி முழுக்க சுவருக்கு அடியில போயிருக்கு. வெட்டித் திருப்பிட்டோம். முற்றத்துல வெடிப்பு இல்ல. இடையில நல்ல மழை ரெண்டு பெய்தும் கண்ணாடி முழுசா இருக்கு. நாளைக்கு மூலையைக் கொத்தத் தொடங்குறோம், அம்மா சாமான்களை இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) மாத்திட்டாங்க.