ஃப்ரீ லைவ்: 'மிஸ்டர் பிக்' பேஸ் பகுதிக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஃப்ரீ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ஃப்ரீ லைவ்!' (1971) ஆல்பத்தில் வரும் 'மிஸ்டர் பிக்' பாடலை பேஸ் கிட்டாரில் பழகி வருகிறேன். பால் ராட்ஜர்ஸ் பாடும் வரை சிக்கல் இல்லை. அப்புறம் பால் காஸஃபின் கிட்டார் இழுத்துக்கொண்டே போக, பேஸ் வாசிக்கும் ஆண்டி ஃப்ரேசர் உயர் சுரம் தரும் ஃப்ரெட்களுக்கு ஏறிவிடுகிறார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டுகிறாரா, இல்லை ஒவ்வொன்றாகத்தான் வாசிக்கிறாரா? வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டால் பேஸும் கிட்டாரும் குழம்பி ஒரே இரைச்சலாகிவிடுகிறது.

இங்கிலாந்தின் சண்டர்லாண்டிலும் க்ராய்டனிலும் 1970இல் பதிவான கச்சேரிகள் இவை. அப்போது ஃப்ரேசருக்கு வயது 18க்கு மேல் இல்லை. கேட்டால் பொறாமையாகத்தான் இருக்கிறது!

அவர் வாசித்தது கிப்சன் ஈபி-3, குட்டை ஸ்கேல் (தந்தியின் நீளம் குறைந்த) பேஸ். என்னுடையது 34 அங்குலம். அதற்காக விரல் வைக்கும் இடத்தை மாற்ற வேண்டுமா? ஸ்டுடியோ பதிவுக்கான டேப் (tab, எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று காட்டும் குறிப்பு) இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் லைவ் வாசிப்பைக் காதால் கேட்டு எழுதியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். இடது கை மட்டும் தெரியும்படி போனில் எடுத்த சின்ன வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது.