மறுமொழி: மேக்ரோஃபேஜ் – பெருவிழுங்கியா, பெருந்தின்னியா, காவலணுவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் பக்கத்துக்காக மேக்ரோஃபேஜுக்கு, அதாவது கிருமியையும் கழிவையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் வெள்ளை உயிரணு வகைக்கு, தமிழ்ச்சொல் கேட்டு நம் தம்பி எழுதிய மடலும், அதற்கு வந்த மறுமொழிகளும் நேற்றிரவு வரை படித்து முடித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக லேபில் ஸ்லைடு பார்க்கிறவள் நான். இந்த அணுவோடு தினமும் பழக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> காவலணு என்று வைத்துவிடலாமே. பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

மருத்துவர் ஐயா சொன்னது இது. நோய் எதிர்ப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே நமக்கெல்லாம் கோட்டை, படை, காவல், எதிரி என்றுதான் வருகிறது. கிருமி உள்ளே வந்ததும் பாய்ந்து பிடிப்பதும், அதன் துண்டுகளை மேலே ஏந்திப்பிடித்து டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களுக்குக் காட்டுவதும் மேக்ரோஃபேஜின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் அன்றாடப் பிழைப்பு காவல் இல்லை, ஐயா. கிருமி எதுவும் வராத நாளிலும் அதற்கு மூச்சுவிட நேரமில்லை.

போன மாதம் அண்ணன் மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்து கெண்டைக்கால் கன்றிப்போனது. முதல் நாள் சிவப்பு, மறுநாள் கருநீலம். ஐந்தாறு நாளில் ஓரத்தில் பச்சை எட்டிப்பார்த்தது. அப்புறம் மஞ்சள், அப்புறம் ஒன்றுமில்லை. "அத்தை, கால்ல பச்சைப் பெயின்ட் யாரு அடிச்சா?" என்று கேட்டாள். அடித்தது மேக்ரோஃபேஜ்தான். தோலுக்கடியில் கசிந்து நின்ற சிவப்பணுக்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து உடைக்கிறது. ஹீமோகுளோபினிலுள்ள ஹீம் முதலில் பிலிவெர்டின் ஆகிறது, அது பச்சை. பிறகு பிலிருபின், அது மஞ்சள். காமாலையில் கண்ணில் ஏறுகிற அதே மஞ்சள். இதில் கிருமியும் இல்லை, போரும் இல்லை.

இதே வேலை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இரவு பகலாக நடக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் கிழடுதட்டிக் கழிகின்றன. அவற்றையெல்லாம் உள்ளே வாங்கி, அவற்றிலிருந்த இரும்பைப் பிரித்துத் திருப்பிக் கொடுப்பது மேக்ரோஃபேஜ். நாம் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம். மேக்ரோஃபேஜ்கள் மீட்டுத் தருவதோ 20 மில்லிகிராமுக்கு மேல். முருங்கைக்கீரையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இதைப் பற்றி ஒரு வரி சொல்வதில்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். காவலணு என்று பெயர் வைத்தால் இந்த வேலை முழுக்கப் பெயருக்கு வெளியே நின்றுவிடும்.

இன்னொன்று. பாட்டியின் முன்கையில் பச்சை குத்தியிருக்கும், ஒரு புள்ளிக் கோலம். "செத்தா கூட வர்ற நகை இது ஒண்ணுதாண்டி" என்பாள். அறுபது எழுபது வருடம் அந்த மை எங்கே தங்கியிருந்தது? தோலிலுள்ள மேக்ரோஃபேஜ்கள் அதை உள்ளே வாங்கி வைத்திருக்கின்றன. அவற்றால் அதைச் செரிக்க முடியாது, அதனால் அப்படியே சுமக்கின்றன. சுமக்கிற அணு சாகும்போது மை வெளியே கொட்டுகிறது. பக்கத்தில் புதிதாக வந்த அணு அதை வாங்கிக்கொள்கிறது. பிரான்சில் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிவாலில் பச்சை குத்தி இதைக் காட்டினார்கள். பாட்டி கையிலிருந்த கோலம் அணு மாற்றி அணுவாகக் கைமாறி வந்த கோலம். கோடுகள் கொஞ்சம் கசங்கியிருந்ததற்குக்கூட இந்தக் கைமாற்றத்தில் பங்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே என் பக்கம் இதுதான்: இந்த அணுவுக்குப் பெயர் அதன் பெருமையிலிருந்து வர வேண்டாம். மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிகிற செயலிலிருந்து வரட்டும். முதன்முதலில் பெயர் வைத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

1882ஆம் ஆண்டின் கடைசி. சிசிலித் தீவின் மெசினா ஊரில் ருஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ் குடும்பத்தோடு தங்கியிருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரம், அவர் மட்டும் நட்சத்திரமீனின் குஞ்சை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல உள்ளே எல்லாம் தெரிகிற உயிர் அது. உடம்புக்குள் ஊர்ந்து திரியும் அணுக்களைக் கண்டவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. தோட்டத்தில் போய் ரோஜா முள் சிலவற்றைக் கிள்ளி வந்து குஞ்சின் தோலுக்குள் குத்தினார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்து நிற்கின்றன.

நம் குழுவுக்கு வேண்டிய கதை இதற்குப் பிறகுதான். ஊர் திரும்பும் வழியில் வியன்னாவில் கார்ல் கிளவுஸ் என்ற விலங்கியல் பேராசிரியரைச் சந்தித்து, "தின்னும் அணு" என்பதற்குக் கிரேக்கத்தில் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டார். கிளவுஸும் உடனிருந்தவர்களும் கூடிப் பேசிக் கொடுத்த சொல் "ஃபேகோசைட்". 1883இல் அது அச்சேறியது. சொல் பிறந்தது நாம் இப்போது செய்வதைப்போல நாலு பேர் கூடிப் பேசித்தான். அந்தச் சொல்லின் பின்பாதிக்கு வேர் கிரேக்கத்தில் "உட்குழிந்த பாத்திரம்". ஈழத்தில் செங்குழியம், வெண்குழியம் என்று சொல்கிறார்களே, அந்தக் "குழியம்" எவ்வளவு நெருக்கமாக வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்! இந்தத் தின்னும் அணுக்களில் பெரியதை மேக்ரோஃபேஜ் என்றும் சிறியதை மைக்ரோஃபேஜ் என்றும் மெச்னிகோவே பிரித்தார். சிறியதற்கு இன்று பெயர் நியூட்ரோஃபில். புண்ணில் சீழாக வடிவதில் பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்தான். ஜோடி போய்விட்டது, "மேக்ரோ" மட்டும் நின்றுவிட்டது. 1908இல் மெச்னிகோவுக்கும் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

> தின்னி என்றால் என்ன குறை? எறும்புத்தின்னி இல்லையா? கிரேக்க மூலமும் தின்பதுதானே.

மூலம் அப்படித்தான், அக்கா. ஆனால் எறும்புத்தின்னியில் எறும்பு தின்னப்படும் பொருள். "பெருந்தின்னி"யில் அப்படிப் பொருள் இல்லை, அளவு மட்டும் இருக்கிறது. அப்போது காதில் விழுவது பந்தியில் மூன்றாம் முறை சோறு கேட்கிற ஆள். தின்பதற்குப் பல்லும் மெல்லுதலும் வேண்டும். இந்த அணுவோ போலிக்காலை, அதாவது கால்போல நீளும் தன் உடம்பின் பகுதியை, இரு பக்கமும் நீட்டி, கிருமியை வளைத்து, முழுசாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நாம் மெல்லாமல் உள்ளே தள்ளுவதுபோல. அதற்குத் தமிழில் விழுங்குதல் என்றே சொல் இருக்கிறது.

"பெருவுண்ணி" என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அனைத்துண்ணி, ஊனுண்ணி எல்லாம் பாடத்தில் பழகியவைதான். ஆனால் கிராமத்துப் பிள்ளைக்கு உண்ணி என்றால் மாட்டுக் காதில் ஒட்டியிருப்பது. உண்ணிக்காய்ச்சல் என்று செய்தித்தாளில் வேறு படிக்கிறது. நோயைத் தடுக்கிற அணுவுக்கு அந்தப் பெயர் வேண்டாமே. "உண்கலம்" அழகான சொல், ஆனால் அது சாப்பிடும் தட்டுக்குப் பழைய பெயர்.

விழுங்குதல் ஏன் சரி என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் உண்டு. அதை ஸ்லைடில் பார்த்து வந்தவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சளிப் பரிசோதனைக்கு வரும் மாதிரியில் நுரையீரல் மேக்ரோஃபேஜ் தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி. எச்சில் துப்பவில்லை, ஆழத்திலிருந்து இருமித்தான் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விறகடுப்பில் சமைக்கிற அம்மாக்களின் மாதிரியில் அந்த அணுக்களுக்குள் கரும்புள்ளிகள் மிளகுத்தூள் தூவியதுபோல் கிடக்கும். புகையின் கரி அது. உள்ளே போயிருக்கிறது, செரிக்கவில்லை.

காசநோயில் இது இன்னும் கொடுமை. கிருமியை மேக்ரோஃபேஜ் தவறாமல் விழுங்குகிறது. விழுங்கியது ஒரு பைக்குள் போய், செரிமானச் சாறு நிறைந்த லைசோசோம் அந்தப் பையோடு கலந்தால்தான் கிருமி சாகும். காசக்கிருமி அந்தக் கலப்பைத் தடுத்துவிட்டு, பைக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. தன்னைப் பிடித்த அணுவையே வீடாக்கிக்கொள்கிறது. இரத்தக் குழாய்ச் சுவரிலும் இப்படித்தான்: கெட்டுப்போன கொழுப்பை விழுங்கி விழுங்கி, நுரைபோல உப்பி, அங்கேயே தங்கி அடைப்புக்கு அடித்தளம் போடுவதும் இதே அணு. கொல்லி, அழிப்பான், காவலன் என்று எந்தப் பெயர் வைத்தாலும் இந்த இடங்களில் பொய்யாகிவிடும். இத்தனை இடத்திலும் அது செய்தது ஒன்றுதான், விழுங்கியது. செரித்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி. பெயர் அந்தக் கேள்விக்கு இடம் விட வேண்டும்.

> எங்கட பாடநூல்களில் தின்குழியம் என்றுதான் படிப்பிக்கிறோம். நீங்கள் அணு என்றால் எங்களுக்கு அது வேறு.

யாழ்ப்பாணத்து அண்ணா எழுதியதை யாரும் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறோம். அங்கே கலம், குழியம்; இங்கே செல், உயிரணு, அணு. "விழுங்கணு" என்று வைத்தால் அங்கே ஒட்டாது, "விழுங்குகலம்" என்றால் இங்கே பாத்திரம். "பெருவிழுங்கி"யில் இந்தச் சண்டையே இல்லை. ஒலிபெருக்கி, விசிறி போல இகரத்தில் முடிகிறது. செல் என்ற சொல்லே உள்ளே வராததால் இரு கரையிலும் நிற்கும். ஃபேகோசைட் என்ற பொதுப்பெயருக்கு அங்கே தின்குழியம் வேரூன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டியதில்லை. இங்கே "விழுங்கி" என்று வைத்துக்கொண்டு, முதல் இடத்தில் தின்குழியத்தையும் சேர்த்து எழுதிவிடலாம்.

ஒரு பள்ளம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேக்ரோஃபேஜுக்கு உறுப்புக்கு உறுப்பு வேறு பெயர்: கல்லீரலில் குப்ஃபர் செல், மூளையில் மைக்ரோகிளியா. நாம் "மூளை விழுங்கி" என்று எழுதினால், எறும்புத்தின்னி கணக்கில், மூளையை விழுங்குகிற ஏதோ ஒன்று என்று பிள்ளை பயந்துவிடும். முதலில் "மூளையுறை விழுங்கி" என்று எழுதிப் பார்த்தேன். மூளையில் உறைவது என்ற பொருளில். ஆனால் மூளையுறை என்பது மூளையைப் போர்த்திய சவ்வு, அதன் அழற்சி தனி நோய். ராத்திரி பதினொரு மணிக்கு நீர்வாழ், நிலவாழ் நினைவுக்கு வந்தது. மூளைவாழ் பெருவிழுங்கி, கல்லீரல்வாழ் பெருவிழுங்கி. குழப்பம் தீர்ந்தது. இவற்றில் பல, நாம் கருவில் இருக்கும்போதே அந்தந்த உறுப்பில் குடியேறியவை என்பதால் "வாழ்" பொருத்தமாகவும் இருக்கிறது.

மற்றவை எளிது. செயலுக்கு விழுங்கல். விழுங்கியது போய்ச் சேரும் பைக்கு விழுங்குபை. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவே ஒற்று மிகாது. லைசோசோம் கலந்த பிறகு அதுவே செரிபை. ஆக, காசக்கிருமி செய்யும் சூழ்ச்சியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: "விழுங்குபை செரிபையாக மாறாமல் தடுத்து, காசக்கிருமி பெருவிழுங்கிக்குள்ளேயே பெருகுகிறது." இதை எட்டாம் வகுப்புப் படிக்கிற அண்ணன் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். செரிபையில் மட்டும் ஒரு நொடி நின்றாள், பிறகு அவளே "வயிறு மாதிரியா?" என்றாள்.

பாக்டீரியோஃபேஜை இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். அது வைரஸ், எதையும் விழுங்காது, பாக்டீரியாவுக்குள் தன் மரபுப்பொருளைச் செலுத்தி உள்ளிருந்து உடைத்து வெளியேறுகிறது. பெயரில் "ஃபேஜ்" இருக்கிறதே என்று நாமும் "விழுங்கி" போட்டால் தவறு இரட்டிப்பாகும். அதற்குத் தனி மடல் தொடங்கலாம்.

தம்பி, உங்கள் பாடத்தின் முதல் இரண்டு பத்தியை இந்தச் சொற்களைப் போட்டு எழுதி அனுப்புங்கள். யாழ்ப்பாணத்து அண்ணா, உங்கள் வகுப்பிலும் ஒரு முறை வாசிக்கச் சொல்லி, பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் நாக்குத் தடுக்குகிறது என்று எழுதுங்கள். முக்கியமாக "செரிபை". செரிமானத்தை அங்கே "சமிபாடு" என்றுதானே சொல்வீர்கள்? அதற்கேற்ற சொல் உங்களிடமிருந்து வந்தால், இங்கே மாற்றிக்கொள்ள எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
லேபிலிருந்து உங்கள் தோழி