12 மேட்சில் 2 வெற்றி: பேரன் ஆயிலர்ஸ் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டான்

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை | 2023 நவம்பர் 10, இரவு 9:50

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் தீபாவளி, தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. ஆனாலும் இதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்கள் இருந்தால் பதில் சொல்லுங்கள்.

என் மகள் குடும்பம் கனடாவில் எட்மன்டனில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் நானும் வீட்டம்மாவும் நாலு மாதம் அங்கே இருந்தோம். முதலில் என் கண்ணில் பட்டது ஆட்டம் இல்லை, ஸ்கேட்ஸ் பிளேடுதான். பேரனின் ஸ்கேட்ஸைச் சாணை பிடிக்கக் கடைக்குக் கொண்டுபோனோம். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நீளவாக்கில் நடுவே ஒரு பள்ளம் தேய்த்து, இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு விடுகிறார்கள். உடம்பைச் சாய்த்தால் ஒரு விளிம்பு மட்டும் பனியைக் கடிக்கிறது. பள்ளம் ஆழமாக இருந்தால் பிடிப்பு கூடும், வழுக்கும் வேகம் குறையும். முப்பது வருடமாக உலோகத்தோடு புழங்குகிறவன் நான். அந்தக் கடைக்காரர் கையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் மாப்பிள்ளை ரோஜர்ஸ் பிளேஸ் அரங்குக்குக் கூட்டிப்போனார். எங்களுக்கு மேலே நாலு வரிசைதான் மிச்சம். அங்கிருந்து பார்த்தாலும் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் 97ஆம் எண் சட்டைக்காரர் மெக்டேவிட் திரும்புகிற வேகம் தெரிந்தது. மற்றவர்கள் திரும்பும்போது வேகம் குறையும், அவருக்குக் கூடுகிறது. ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. மேட்ச் நடக்கும்போது பேரன் டேப்லெட்டை அவர்கள் வீட்டு டிவிக்கு எதிரே சாய்த்து வைத்து வீடியோ காலில் கூப்பிடுவான். திரையின் இடது பக்க கோல் கம்பம் பாதி மறைந்துதான் தெரியும். பரவாயில்லை. எட்மன்டனில் இரவு 7 மணி மேட்ச் என்றால் இங்கே அக்டோபரில் காலை 6:30, போன வாரம் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 7:30. பட்டறை திறக்கும் முன்பு முக்கால்வாசி பார்த்துவிடலாம்.

போன சீசனில் மெக்டேவிட் 64 கோல், கோல் அடித்ததும் அடிக்க உதவியதும் சேர்த்து மொத்தம் 153 பாயின்ட். எதிரணி ஒரு ஆள் குறைவாக ஆடும் பவர்பிளே வாய்ப்புகளில் நம்மவர்கள் 32.4 சதவீதத்தில் கோல் அடித்தார்கள், என்.ஹெச்.எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அதனால் இந்த முறை கோப்பை நமக்குத்தான் என்று பேரனும் நானும் பேசிவைத்திருந்தோம்.

அக்டோபர் 11, முதல் மேட்ச். வான்கூவரிடம் 8-1. என்னால் நம்ப முடியவில்லை. மூன்று நாள் கழித்து அதே வான்கூவரிடம் மறுபடி தோல்வி. நாஷ்வில்லை 6-1 என்று அடித்தபோது சரி, இனி கவலையில்லை என்று நினைத்தேன். வின்னிபெக் மேட்சில் மெக்டேவிட்டுக்கு அடிபட்டது, இரண்டு மேட்ச் உட்கார்ந்தார். 29ஆம் தேதி திறந்தவெளி மைதானத்தில், 55,000 பேருக்கு மேல் கூடியிருக்க, கால்கரியை 5-2 என்று வென்றார்கள். அந்த மேட்சுக்கு மகள் பேரனைக் கூட்டிப்போயிருந்தாள். திரும்பி வந்து தொண்டை கட்டிய குரலில் அரை மணி நேரம் பேசினான். அதற்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லை.

நேற்று சான் ஹோசே. சில நாள் முன்பு அடுத்தடுத்த இரண்டு மேட்சில் 10-1, 10-2 என்று தோற்ற அணி அது. அவர்களிடம் 3-2 என்று தோற்றுவிட்டோம். மேட்ச் அங்கே இரவு தாமதமாக நடந்தது, பையன் தூங்கிவிட்டான். எனக்கு இங்கே பகல் 12 மணிக்கு முன்பே தெரியும். நாள் முழுக்க அந்த ஸ்கோரை மனசில் வைத்துக்கொண்டே எடை போட்டேன், பற்றவைப்புப் பார்த்தேன். மாலை 7:30க்கு, அவனுக்குக் காலை 7 மணி, கூப்பிட்டான். "அப்புச்சி, ஜெயிச்சாச்சா?" என்றான். சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய், 97ஆம் எண் சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தான். "நான் இனிமேல் வான்கூவர்" என்றான். எட்டு வயது அவனுக்கு.

என் கேள்வி இரண்டு. 12 மேட்சில் 5 பாயின்டோடு நிற்கும் அணிக்கு, 16 அணிகள் கோப்பைக்கு மோதும் பிளேஆஃப் கட்டத்துக்குப் போக நிஜமாகவே வழி இருக்கிறதா? அவன் தினமும் புள்ளிப் பட்டியலைத் தானே பார்க்கிற பையன், ஆறுதல் வார்த்தை எடுபடாது. இரண்டாவது, அவன் அணி மாறுகிறேன் என்றால் விட்டுவிடுவதா?


அம்மாப்பேட்டையான், ஸ்கார்பரோ | நவம்பர் 10, இரவு 11:35

அண்ணா, நான் பிறந்தது அம்மாப்பேட்டை, இங்கே டொரோண்டோவில் பதினாலு வருடம். மேப்பிள் லீஃப்ஸ் ஆள். எங்கள் அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1967. இந்த ஏப்ரலில் 19 வருடம் கழித்து பிளேஆஃப் முதல் சுற்றைத் தாண்டியதற்கே இங்கே தெருவில் ஹாரன் சத்தம் ஓயவில்லை. அதனால் காத்திருப்பதைப் பற்றி என்னிடம் கேட்கலாம்.

பேரனுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அவனே தேடிச் சரிபார்க்கலாம். 2019 ஜனவரி 3 காலை, மொத்த லீகிலும் கடைசி இடத்தில் இருந்தது செயின்ட் லூயிஸ் புளூஸ். 37 மேட்சில் 34 பாயின்ட். அதற்கு முன்பே நவம்பரில் கோச்சை அனுப்பிவிட்டு, உதவி கோச்சாக இருந்த கிரெய்க் பெருபேயை இடைக்காலமாகப் போட்டிருந்தார்கள். ஜனவரி 7 அன்று ஜோர்டன் பின்னிங்டன் என்ற புது கோல்கீப்பரை முதல்முறையாகத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள். அன்று ஒரு கோல்கூட விடவில்லை. ஜூன் 12, பாஸ்டனில் ஏழாவது இறுதி மேட்ச், 4-1. அந்த அணி தொடங்கி 52 வருடத்தில் முதல் கோப்பை.

உங்கள் அணி இப்போது நவம்பரில்தான் இருக்கிறது அண்ணா. அவர்கள் ஜனவரியில் இருந்தார்கள்.

கோச்சை மாற்றுவார்கள் என்றுதான் இங்கே எல்லோரும் பேசுகிறார்கள்.


ஒண்டிக்கடைக் குளிர், ஏற்காடு | நவம்பர் 11, காலை 6:10

ஐயா, நான் ஏற்காட்டில் கணக்கு டீச்சர். தம்பி கால்கரியில் இருக்கிறான், அதனால் நான் ஃபிளேம்ஸ். அந்தத் திறந்தவெளி மேட்ச் எங்களுக்குத்தான் வலி. இருந்தாலும் கணக்கு கணக்குதான், சொல்கிறேன்.

வெற்றிக்கு 2 பாயின்ட். கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1. போன சீசனில் மேற்குப் பிரிவில் கடைசி ஆளாகப் பிளேஆஃபுக்குள் போன வின்னிபெக் எடுத்தது 95. எங்கள் கால்கரி 93 எடுத்தும் வெளியே நின்றது. அந்த சீசனில் நாங்கள் 17 மேட்சைக் கூடுதல் நேரத்திலும் ஷூட்அவுட்டிலும் இழந்தோம். ஏப்ரலில் உட்கார்ந்து அந்தப் பதினேழையும் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறேன், அதனால் நவம்பர் மேட்சை இப்போதெல்லாம் நான் லேசாக எடுப்பதில்லை.

சரி, 95 இலக்கு என்று வையுங்கள். உங்களிடம் 5. இன்னும் 70 மேட்ச், அதாவது அதிகபட்சம் 140. தேவை 90. விகிதம் 64 சதவீதம் சொச்சம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் போன சீசன் முழுவதும் இதே எட்மன்டன் எடுத்தது 164க்கு 109, அது 66 சதவீதத்துக்கு மேல். போன வருடம் ஆடிய மாதிரி ஆடினாலே போதும், அதைவிட ஒரு படி குறைந்தாலும் தாங்கும். பேரனைப் பென்சில் எடுத்து அவனே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எட்டு வயதுக்கு நல்ல கணக்கு.

எதிரான கணக்கையும் மறைக்கக் கூடாது. அமெரிக்கத் தேங்க்ஸ்கிவிங் நாளில், இந்த வருடம் 23ஆம் தேதி, பிளேஆஃப் இடங்களில் இருக்கும் 16 அணிகளில் பொதுவாக 12 அணியாவது கடைசிவரை அங்கேயே இருக்கும். நாலு இடம்தான் மாறும். உங்களுக்கு அந்த நாலில் ஒன்று வேண்டும்.

கிடைக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம் கோல்கீப்பிங். நூறு ஷாட் வந்தால் தொண்ணூறாவது நிறுத்த வேண்டும், உங்கள் கோல்கீப்பர்கள் இருவரும் அதற்குக் கீழே. அதனால்தான் வருடத்துக்கு 50 லட்சம் டாலர் வாங்கும் கேம்பெல்லை இந்த வாரம் கீழ் லீகுக்கு அனுப்பினார்கள். மற்றபடி உங்கள் அணி வாய்ப்பை நன்றாகவே உருவாக்குகிறது. சான் ஹோசே மேட்சிலும் எதிர் கோல்கீப்பர் ஏறக்குறைய நாற்பது ஷாட்டைத் தடுத்திருக்கிறார். ஒரு கீப்பர் ஒருநாள் அப்படி ஆடலாம், எதிரில் வருகிற எல்லோரும் தினமும் ஆட மாட்டார்கள்.

இங்கே இரவெல்லாம் மழை, மூடுபனி. கரண்ட் இப்போதுதான் வந்தது, அதனால் தாமதம்.


சூரமங்கலம் அப்பா | நவம்பர் 11, பகல் 1:20

எனக்கு ஐஸ் ஹாக்கி தெரியாது, இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் ஆடுவதால் என் மகன் ஐ.பி.எல்லில் சன்ரைசர்ஸ். இந்த வருடம் 14 மேட்சில் 4 வெற்றி, பத்தாவது இடம். அவனும் வேறு அணிக்குப் போகிறேன் என்றான். போ என்றேன். இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள் நடராஜன் பந்து போட வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். தடுக்காதீர்கள் ஐயா. அவன் சட்டையை மடித்துத்தானே வைத்தான்?


கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை | நவம்பர் 12, இரவு 11:15

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து. நேற்று முழுக்கக் கடைகளுக்குச் சரக்கு கொடுத்து முடிக்கவே சரியாக இருந்தது, பதில் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

டீச்சர் அம்மா, உங்கள் கணக்கை அப்படியே அனுப்பினேன். 90ஐ 140ஆல் வகுத்துப் பார்த்து, காகிதத்தைக் கேமராவில் காட்டினான். சூரமங்கலத்துக்காரர் சொன்னபடி, வான்கூவர் என்று சொன்னதற்கு நான் மறுத்து எதுவும் பேசவில்லை. ஸ்கார்பரோ தம்பி சொன்ன புளூஸ் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ அவங்க பேரெல்லாம் கோப்பையில இருக்கா?" என்று கேட்டான். அங்கேதான் பேச்சு என் தொழில் பக்கம் வந்தது.

ஸ்டான்லி கோப்பை வெள்ளிக் கலவை. 1892இல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார், அதற்குக் கீழே வளையம் வளையமாகச் சேர்த்துக்கொண்டே வந்து இப்போது பதினைந்தரை கிலோ. வென்ற அணி ஆட்களின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அச்சுளி வைத்துச் சுத்தியலால் அடிக்கிறார்கள். கொலுசுக் கொக்கியில் கடை முத்திரை அடிப்பது போலத்தான், ஆனால் இங்கே வளைந்த தகட்டில் வரி கோணாமல் வர வேண்டும். அது எவ்வளவு சிரமம் என்று அடித்தவனுக்குத்தான் தெரியும். 1963இல் லீஃப்ஸ் என்பதில் ஒரு எழுத்தே மாறிப்போய் லீயஸ் மாதிரி விழுந்துவிட்டது.

எட்மன்டன் பெயர் அதில் ஐந்து முறை இருக்கிறது: 1984, 85, 87, 88, 90. முதல் முறை, அப்போதைய உரிமையாளர் தன் அப்பா பாசில் பாக்லிங்டன் பெயரையும் சேர்த்துவிட்டார். அவருக்கும் அணிக்கும் சம்பந்தமில்லை. லீக் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடித்த எழுத்தை எப்படி எடுப்பது? தேய்த்தால் தகடு மெலிந்துவிடும். அதனால் ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஒரு எக்ஸ் அடித்துவிட்டார்கள், இன்றும் அப்படியே இருக்கிறது. பேரன் படத்தைப் பெரிதாக்கி எண்ணினான். பதினாறு. "அப்புச்சி, நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டான். நானும் எக்ஸ்தான் அடித்திருப்பேன் என்றேன், வேறு வழியில்லை.

இன்று காலை சியாட்டிலுடன் மேட்ச். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுச் சட்டையோடு போன் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே சனிக்கிழமை இரவு, அதனால் அவனுக்குத் தூக்கத்திலிருந்து விடுமுறை. தெருவில் சரவெடி, காது கேட்கவில்லை. அவனே ஒவ்வொரு கோலையும் விரலால் காட்டினான். நாலு விரல் காட்டினான். 4-1. சட்டை போட்டிருந்தானா என்று நான் கேட்கவில்லை, அவன் போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தான்.

சற்று முன் மகள் செய்தி அனுப்பினாள். கோச் உட்கிராஃப்டை எடுத்துவிட்டார்கள். மெக்டேவிட் சிறு வயதில் ஈரி ஊர் அணியில் ஆடியபோது கோச்சாக இருந்த நோப்லாக் வருகிறாராம். உதவிக்கு பால் காஃபி, அந்த 84, 85, 87 வரிகளில் பெயர் இருக்கிறவர். ஜெயித்த அன்றே ஒருவரை அனுப்புவது எனக்கு என்னவோ போல் இருக்கிறது, போன வருடம் 109 எடுத்ததும் அவர் காலத்தில்தான். செய்திக்குக் கீழே ஒரு படமும் அனுப்பியிருந்தாள், தூங்கி எழுந்து பால் குடிக்கிறான். 97 போட்டிருக்கிறான், மடிப்புக் கோடு இன்னும் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை காலை நியூயார்க் ஐலண்டர்ஸ். பட்டறை ஆட்கள் ஊரிலிருந்து புதன்கிழமைதான் வருவார்கள், அதனால் முழு மேட்சும் பார்க்கலாம். டேப்லெட்டை இந்த முறை ஒரு சாண் வலது பக்கம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.