சீடர் பாயிண்டில் ஒரே நாள், இரண்டு பேர்: எந்த ரோலர் கோஸ்டரில் முதலில் ஏறுவது?

மதுரைமல்லி

எல்லாருக்கும் வணக்கம். கொலம்பஸிலிருந்து நானும் வீட்டுக்காரரும் ஜூன் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒஹாயோவின் சாண்டஸ்கியில் இருக்கும் சீடர் பாயிண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம். காலையில் காரில் கிளம்பி ராத்திரியே திரும்ப வேண்டும், ஹோட்டல் எடுக்கவில்லை. எனக்குப் பெரிய ரைடுகள் எல்லாவற்றிலும் ஏற வேண்டும். அவருக்கு உயரம் பயமில்லை, ஆனால் தலை சுற்றி வாந்தி வருகிற உடம்பு. இரண்டு பேரும் சைவம்.

அங்கே மில்லேனியம் ஃபோர்ஸ் என்ற கோஸ்டர்தான் பேர்போனது, அதனால் கேட் திறந்ததும் அங்கேதான் ஓடணும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அது சரியா? ஃபாஸ்ட் லேன் பட்டை (கூடுதல் காசு கொடுத்து வாங்கும், வரிசையைச் சுருக்கும் கைப்பட்டை) வாங்காமல் ஒரு நாளில் முக்கியமானவற்றை முடிக்க முடியுமா? அவருக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது?

தண்டவாளம்

வணக்கம் சகோதரி. வார நாளில் போவது நல்ல முடிவு. ஃபாஸ்ட் லேன் இல்லாமல் முடிக்கலாம், ஆனால் ஏறும் வரிசையை மாற்றுங்கள். ரைடு எவ்வளவு உயரம், எவ்வளவு பேர்போனது என்பதைப் பார்த்துத் திட்டம் போடவே கூடாது. ஒரு ரயிலில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

மில்லேனியம் ஃபோர்ஸ் ரயிலில் 36 இருக்கை. மேவரிக் என்ற இன்னொரு கோஸ்டரின் ரயிலில் வெறும் 12. இரண்டும் நிமிடத்துக்கு ஒரு ரயில் விடுவதாக வைத்துக்கொண்டால் முதலாவது மணிக்கு 2,160 பேரை ஏற்றும், இரண்டாவது 720 பேரைத்தான் ஏற்றும். நடைமுறையில் ரயில் விடும் இடைவெளி இரண்டிலும் ஒன்றல்ல, அதனால் வித்தியாசம் இவ்வளவு இருக்காது, ஆனாலும் மில்லேனியம் ஃபோர்ஸ்தான் அதிகம் பேரை ஏற்றும். மில்லேனியம் ஃபோர்ஸ் வாசலில் நீளமாகத் தெரிகிற கூட்டம் மடமடவென்று நகரும். மேவரிக்கில் அதில் பாதிக் கூட்டம் நின்றாலே மதியம் வெயிலில் கால் கடுத்துப்போகும். அதனால் கேட் திறந்ததும் நேராகப் பின்கோடியில் இருக்கும் மேவரிக்குக்கு நடந்துவிடுங்கள். வழியில் எதைப் பார்த்தும் நிற்காதீர்கள். முன்வாசலிலிருந்து 15, 20 நிமிட நடை.

அதை முடித்ததும் பக்கத்திலேயே ஸ்டீல் வெஞ்சன்ஸ். ரயிலுக்கு 24 பேர், ஓட்டமும் இரண்டரை நிமிடம். 1991-இல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் என்ற மர கோஸ்டரின் சட்டத்தின் மேல் எஃகுத் தடம் போட்டு 2018-இல் திறந்தார்கள். 205 அடி உயரம், மணிக்கு 74 மைல், நான்கு தலைகீழ். இருக்கையை விட்டு உடம்பு மேலே தூக்கப்படும் நேரம் மட்டும் மொத்தம் 27 விநாடிக்கு மேல். என் கணக்கில் அந்தப் பார்க்கில் இதற்கு இணையாக வேறொன்று இல்லை. நீங்கள் ஒன்றில்தான் ஏற முடியும் என்றால் இதில் ஏறுங்கள்.

அடுத்தது டாப் த்ரில் 2. 2003-இல் வந்த டாப் த்ரில் டிராக்ஸ்டரைப் புதுப்பித்து 2024-இல் திறந்தது. முன்பு ஹைட்ராலிக் இழுவையால் ஒரே உந்தலில் 420 அடி ஏறியது. இப்போது காந்த மோட்டார் மூன்று தடவை உந்துகிறது: முன்னால் மணிக்கு 74 மைல், கோபுரத்தில் பாதி ஏறித் திரும்பி வரும்போது பின்னால் 101 மைல், கடைசியாக முன்னால் 120 மைல். ரயிலுக்கு 20 பேர்தான். இது அடிக்கடி நிற்கிற ரைடு. காலையில் ஓடிக்கொண்டிருந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாமல் அப்போதே ஏறிவிடுங்கள். நின்றிருந்தால் காத்திருக்க வேண்டாம், பார்க்கின் ஆப்பில் திறந்த சேதி வந்ததும் திரும்பி வரலாம்.

மதியத்துக்குப் பிறகு முன்வாசல் பக்கம் வாருங்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் கூட்டத்தை விழுங்குகிறவை. ராப்டர், கேட்கீப்பர் இரண்டிலும் ரயிலுக்கு 32 பேர். வால்ரேவனில் 24 பேர், எட்டெட்டுப் பேராக மூன்றே வரிசை. இந்த முன்பக்கத்து ரைடுகளில்தான் காலையில் உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் முதலில் போய் நிற்பார்கள், ஏனென்றால் கேட்கீப்பர் தடம் நுழைவாயிலின் தலைக்கு மேலேயே ஓடுகிறது, கண்ணில் பட்டதும் கால் அங்கே போகும். நீங்கள் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் நாள் முழுக்க நிற்கும் நேரம் குறையும்.

மில்லேனியம் ஃபோர்ஸை ராத்திரிக்கு வையுங்கள். மூடும் நேரத்துக்கு முன் வரிசைக்குள் நுழைந்தவர்களை ஏற்றிவிட்டுத்தான் நிறுத்துவார்கள். பகல் சூட்டில் சக்கரமும் மசகும் இளகியிருக்கும், அதனால் மாலை ஓட்டம் காலையைவிட வேகமாக இருக்கும். 310 அடி, மணிக்கு 93 மைல், இருட்டில் ஏரிக்காற்று முகத்தில் அடிக்க இறங்குவதற்கு ஈடு கிடையாது.

நீலாம்பரி

தண்டவாளம் சொன்ன வரிசை சரி. தலைசுற்றல் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு பேருக்கும் நாள் வீண்.

தலை சுற்றுவதற்கும் உயரத்துக்கும் சம்பந்தம் இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டுகிறது. அதனால் 310 அடி மில்லேனியம் ஃபோர்ஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளலாம், சின்னதாய்த் தெரியும் வைல்ட் மவுஸ் கவிழ்த்துவிடலாம். வைல்ட் மவுஸ் பெட்டி ஓடிக்கொண்டே தன்னைத்தானே சுற்றும். சுழலும் ரைடு எதிலும் அவரை ஏற்றாதீர்கள், தட்டு மாதிரி சுற்றுகிறவையும் சேர்த்துத்தான்.

அவருக்கு ஏற்றவை: மில்லேனியம் ஃபோர்ஸ் (தலைகீழ் எதுவும் இல்லை, அகலமான வளைவு), வால்ரேவன், கேட்கீப்பர். வால்ரேவன் 223 அடி விளிம்பில் சில விநாடி நிறுத்திச் செங்குத்தாக இறக்கும். பயம் வேறு, குமட்டல் வேறு என்பது அதில் நன்றாகத் தெரியும். 2025-இல் வந்த சைரன்ஸ் கர்ஸும் முயலலாம். 160 அடி உயரத்தில் தடம் முடிகிற இடத்தில் ரயில் நின்று, அப்படியே 90 பாகை முன்னால் சாய்ந்து, கீழ்த் தடத்தோடு பொருந்தியதும் விடுபடும். யோசித்து ஏற வேண்டியவை மேவரிக்கும் ராப்டரும். மேவரிக் இடமும் வலமும் சட்சட்டென்று புரட்டும், ராப்டரில் கால் தொங்க ஆறு தலைகீழ். இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவே வேண்டாம், நடுவில் அரை மணி நேரமாவது இருக்கட்டும்.

ஏறும்போது: தலையைச் சாய்வில் அழுத்தி வைத்து, கண்ணை மூடாமல், முன்னால் வரும் தடத்தையே பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை மூடினால் அடுத்த திருப்பம் தெரியாமல் சிலருக்குக் குமட்டல் கூடும். ரயிலின் நடுப் பெட்டிகளில் உட்காரட்டும். பின்பெட்டி உச்சியைத் தாண்டும்போது முன்பெட்டிகளின் எடை அதைச் சுண்டி இழுக்கும், அங்கேதான் தூக்கல் அதிகம். அது உங்களுக்குப் பிடிக்கும், அவருக்கு வேண்டாம். மில்லேனியம் ஃபோர்ஸ் முதல் இறக்கத்தின் அடியில் ரத்தம் காலுக்கு இறங்கி ஒரு கணம் பார்வை மங்கலாம். தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்காமல் விட்டால் மங்காது. தண்ணீர் குடிக்காத உடம்பில் இது அதிகம் வரும்.

வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். காலையில் நாலு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிருங்கள். குமட்டல் மாத்திரை எடுப்பதானால் (மெக்லிசின் அல்லது டைமென்ஹைட்ரினேட், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும்) முதல் ரைடுக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இல்லை. இரண்டுமே தூக்கம் வரவைக்கும், அதனால் மாத்திரை எடுத்தவர் திரும்பும்போது வண்டி ஓட்டக் கூடாது. வேறு மருந்து ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் மருந்தாளரிடம் முதலில் கேளுங்கள்.

ஏரிக்கரை

சாமான் பற்றி யாரும் சொல்லலையே. ஸ்டீல் வெஞ்சன்ஸ், டாப் த்ரில் 2 இரண்டிலும் கையில் பையோ போனோ வைத்துக்கொண்டு போக முடியாது. அன்றைய விதி நுழைவுப் பலகையில் இருக்கும், படிச்சிட்டு லாக்கர் எடுங்க. வரிசையில் பாதி தூரம் போன பிறகு திருப்பி அனுப்பினால் மறுபடி முதலிலிருந்துதான். போன் இல்லாம நிற்கப் போறீங்க என்பதால், ஒருத்தர் மட்டும் ஏறினால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்க. "வெளியே வர்ற வழியில்" என்றால் போதாது, ஒரு கடையோ பெஞ்சோ குறிச்சுக்குங்க.

தாலிக்கொடி நீளமா இருந்தால் கழுத்து மூடிய டி-ஷர்ட்டுக்குள்ளே விட்டு, முனையை உள்ளாடையோடு ஊக்கால் குத்திடுங்க. ஸ்டீல் வெஞ்சன்ஸில் உடம்பு மேலே எழும்பும்போது சங்கிலியும் சேர்ந்து எழும்பும். துப்பட்டா காரிலேயே இருக்கட்டும். முடியைப் பின்னி உள்ளே விடுங்க. பின்தலையில் பெரிய கிளிப் போட்டால் தலைச்சாய்வில் இடிச்சு வலிக்கும். கண்ணாடிக்குப் பின்பக்கம் இறுக்கும் பட்டை வாங்குங்க. செருப்பு வேண்டாம், நாடா கட்டும் ஷூதான்.

இன்னொன்று, மில்லேனியம் ஃபோர்ஸ் பெல்ட் குட்டையானது. இடுப்பு அகலமானவங்களுக்குப் பூட்டாமல் போவது வழக்கம், பூட்டலைன்னா இறக்கி விட்டுடுவாங்க. வாசலில் சோதனை இருக்கை வச்சிருக்காங்க. வரிசையில் நிற்கிறதுக்கு முன்னாடியே உட்கார்ந்து பாருங்க, மேடையில் போய்த் தெரிஞ்சுக்க வேண்டாம்.

மதுரைமல்லி

ரொம்ப நன்றி. மேவரிக்கில் அவர் ஏறாவிட்டால் நான் மட்டும் நிற்க வேண்டுமா, அவர் வரிசையில் கூட வரலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மழை வந்தால்?

தண்டவாளம்

கூடவே வரலாம். ரயில் மேடை வரை வந்து, ஏறாமல் எதிர்ப்பக்கம் கடந்து இறங்கிப் போகிறேன் என்று ஊழியரிடம் சொன்னால் விடுவார்கள். கடைசி நேரத்தில் மனசு மாறினாலும் இதே வழிதான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். புளியோதரையோ தயிர்சாதமோ கட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் காரில் வைத்துவிட்டு, மதியம் வெளியே வந்து சாப்பிட்டு மறுபடி உள்ளே போகலாம். வெளியேறும்போது மறுநுழைவுக்கு என்ன வேண்டும் என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் மதியம் முன்வாசல் பக்கம் வருவதால் இது திட்டத்தோடு பொருந்தும். பின்கோடியிலிருந்து வர நீராவி ரயில் இருக்கிறது, அங்கே ஃப்ரன்டியர் டவுன் நிலையத்தில் ஏறினால் காலுக்கு ஓய்வு. குளிர்பானம் விற்கும் கடைகளில் கேட்டால் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். உள்ளே பணத்தாள் வாங்கமாட்டார்கள், கார்டுதான்.

பார்க் ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். மின்னல் பக்கத்தில் வந்தாலோ காற்று பலமானாலோ உயரமானவை முதலில் நிற்கும். தூறலுக்கு எல்லாம் நிற்காது. மின்னல் மழை ஒரு மணி நேரம் பெய்தால் பாதிக் கூட்டம் வீட்டுக்குக் கிளம்பிவிடும், அப்போது கூரையடியில் காத்திருந்தவர்களுக்குத்தான் மாலை முழுக்க வரிசையே இல்லாத ரைடு. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே வாங்குங்கள், வாசலில் விலை கூடுதல். வண்டி நிறுத்தக் கட்டணம் தனி.

நீலாம்பரி

மேக்னம் என்ற கோஸ்டரின் பெயரை யாரும் எடுக்கவில்லை. 1989-இல் 200 அடியைத் தாண்டிய முதல் முழுச் சுற்று கோஸ்டர் (கிளம்பிய இடத்துக்கே தடம் சுற்றி வருவது) அதுதான், 205 அடி. ஏரிக்கரையை ஒட்டி ஓடும், வரிசையும் பெரும்பாலும் சின்னது. ஆனால் மேடுகள் கூராக இருப்பதால் மடியின் மேல் இறங்கும் பாதுகாப்புப் பட்டை தொடையில் மோதும். ஒவ்வொரு பெட்டியிலும் நடு வரிசையில் உட்காருங்கள், முன்னும் பின்னும் சக்கரத்துக்கு மேலே வருவதால் அதிர்வு அதிகம். பட்டையைத் தொடையோடு ஒட்ட இறக்கிக்கொண்டால் அடி குறையும்.

மூடும் நேரத்தில் மில்லேனியம் ஃபோர்ஸ் முடித்து இறங்கினால் வாகன நிறுத்தம் நிரம்பி வழியும், பாலச் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். கொலம்பஸ் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கிளம்பும் முன் அரை மணி நேரம் காரிலேயே உட்கார்ந்து மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு எடுங்கள், நெரிசலும் அதற்குள் கரைந்துவிடும்.