இறால் மாதிரி சுருண்டு படுத்த அந்த ராத்திரி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய தொழிலாளர் லயத்தில்தான் எங்கள் வீடு. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசியைப் பற்றி அங்கே காதில் விழுந்ததெல்லாம் பயமுறுத்தும் பேச்சுதான். "அதைப் போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி" என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதை நானும் நம்பினேன்.

36வது வாரம், கிளினிக் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) தயங்கித் தயங்கிக் கேட்டேன். எபிடூரல் வேண்டுமென்றால் மயக்க மருந்து டாக்டர் இருக்கும் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், வலி முற்றின பிறகு கேட்டால் நேரம் இருக்காது என்றார். ஈப்போவில் பதிந்துகொண்டேன். ரத்தத் தட்டணு ரொம்பக் குறைந்திருந்தால் போட மாட்டார்களாம். தட்டணுவைக் குறைக்கும் டிங்கிக் காய்ச்சல் வந்து தேறியவள் நான். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

வலி பிடித்தது ராத்திரி பதினோரு மணிக்கு. கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததும் டாக்டர் வந்தார். "இறால் மாதிரி சுருண்டு படும்மா, மோவாய் நெஞ்சில் படணும்." மலாய்க்கார மிஸ்ஸி என் தோள் இரண்டையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு "சபார், சபார்" (பொறுமை, பொறுமை) என்றபடியே இருந்தார். முதுகில் ஜில்லென்று மருந்து தடவினார்கள். மரத்துப்போக வைக்கும் ஊசி கட்டெறும்பு கடித்த மாதிரி. அதற்குப் பிறகு அழுத்தம்தான் தெரிந்தது. முதல் தடவை சரியான இடத்தில் இறங்கவில்லை; இரண்டாவது தடவை குத்தும்போது பிரசவ வலி வந்துவிட்டது. டாக்டர் கையை நிறுத்திக் காத்திருந்தார். அசையாமல் கிடந்த அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது.

ஊசி முதுகிலேயே இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அதை எடுத்துவிடுகிறார்கள். நூல் மாதிரி ஒரு குழாய் மட்டும் உள்ளே இருக்கும். கால் மணி நேரத்தில் தொடையில் வைத்த ஐஸ் கட்டியின் குளிர்ச்சியே தெரியவில்லை. வலது இடுப்பில் மட்டும் ஓரிடம் வலித்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினார்கள். உடம்பு நடுங்கிப் பல் கிட்டியது. ரத்த அழுத்தம் இறங்கலாம் என்று அடிக்கடி பார்த்தார்கள். முக்கும் நேரம் தெரியாததால் மிஸ்ஸி என் கையை வயிற்றில் வைத்து, கல் மாதிரி இறுகும்போது முக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. இந்த ஊசி போட்டால் முக்கும் நேரம் கூடலாம், அதற்காகப் பயந்துவிடாதீர்கள்.

குத்திய இடம் ஒரு வாரம் கன்றிப்போய் வலித்தது, அவ்வளவுதான். காலத்துக்கும் நிற்கும் இடுப்பு வலி இதனால் வருவதில்லை. பிள்ளை சுமந்த உடம்புக்கு ஊசி போடாவிட்டாலும் இடுப்பு வலிக்கும். ஆனால் நூற்றில் ஒருவருக்கு, எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கிற மாதிரி வலி வரலாம். வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள் தங்கச்சிகளே, உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

பாட்டியிடம் மட்டும் மறைத்திருந்தேன். அந்தக் காலத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிக்கொண்டே அதே லயத்தில் ஏழு பிள்ளை பெற்றவர். மூன்றாம் நாள் சரக்குக் குழம்போடு வந்து, முதுகில் பிளாஸ்திரி ஒட்டிய தடத்தைப் பார்த்துவிட்டார். விரலால் மெதுவாகத் தொட்டு, "இங்க மட்டுந்தான் வலிச்சுதா?" என்றார். தலையாட்டினேன். சட்டையை இழுத்துவிட்டு, "சரி சாப்பிடு, ஆறிடப் போவுது" என்று சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.